பெண் கேட்கப் போன சொற்கள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அதற்கு நேரம் கிடைக்காது. இது கதையாகப் பிறக்கவில்லை. மணிலாவில் இருக்கும் நம்மவர்கள் பொங்கலுக்கு மலர் போடுகிறார்கள். "தகாலோக், இலோகானோ மொழிகளில் சொற்களின் பிறப்பும் பொருளும் பற்றி ஒரு கட்டுரை, நான்கு பக்கத்துக்கு மிகாமல்" என்று என்னிடம் கேட்டார்கள். புகையிலைக் கம்பெனியில் இலை தரம் பிரித்து ஓய்வு பெற்றவனிடம் இதைக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். வேதாரண்யத்தில் பிறந்து, இலோகோஸ் பக்கம் பாத்தாக் ஊரில் பெண் கட்டி, இங்கேயே தலை நரைத்தவன் நான். இரண்டு மொழிகளிலும் சரளமாகச் சண்டை போடுவேன். தமிழில் சண்டை போட இங்கே ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டுரையின் முதல் வரி:

"தகாலோக் என்பது 'தாகா-இலோக்', அதாவது ஆற்றங்கரையார் என்றும், இலோகோ என்பது கடல் வளைவில் குடியிருப்போர் என்றும் அறிஞர் பெருமக்கள்—"

விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது. என் மனைவி ஃபெலிசா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா ஓடும் வேகத்தை வைத்தே நான் எழுதுவது எந்த ரகம் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னா இவ்ளோ மெதுவா எழுதுற? உண்மையா எழுதுறியா?"

"ஆமா."

"அப்ப யாரு படிப்பா?"

சரி என்று இரண்டாவது தொடக்கம் எழுதினேன்:

"அன்று பாத்தாக்கில் பெய்த மழையில் எருமைகள் கூரைமேல் ஏறி நின்றன."

எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரே ஒரு சிக்கல், அன்று தூறல்தான். எருமை எதுவும் ஏறவில்லை. ஒரு கோழி சன்னல்மேல் ஏறியது, அதுவும் மழைக்காக இல்லை. ஆனால் அந்த வரியை எழுதியதும் புரிந்துவிட்டது, இது கட்டுரை ஆகாது, நோவலினைப் பெண் கேட்ட கதையாகத்தான் ஆகும் என்று. மலர்க்குழு மன்னிக்க வேண்டும். நான்கு பக்கமும் தாண்டும்.

2

நோவலின் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய அப்பா சிப்ரியானோ. நான் மனோங் என்று கூப்பிடுவேன். இங்கே அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அம்மா இல்லை. வீட்டில் இரண்டே பேர்.

மனோங் சிப்ரியானோவைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன். அவர் வாயைத் திறந்தால் தறியில் நூல் அறாது, உலையில் சோறு குழையாது, பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திக் கேட்பார். [முயற்சி தோற்றது.] இலோகானோவில் பெண் கேட்கப் போவதற்கு 'தனோன்' என்று பெயர். 'போய்ச் சேர்வது' என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் ஒரு நல்ல வாய் போக வேண்டும். அந்த வாய் கல்யாணம் என்ற சொல்லை எடுக்கவே கூடாது. மழைக்கு ஒதுங்கினோம், வழி தவறினோம், உங்கள் வேலியோரம் ஒரு பூவைப் பார்த்தோம் என்று சுற்றிச் சுற்றி வந்து கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த வாய் சிப்ரியானோதான். அவர் போய்ப் பேசாமல் நடந்த கல்யாணம் எங்கள் பக்கத்தில் கோழிகளுக்கு மட்டுமே நடந்திருக்கும்.

ஒருநாள் நோவலின் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்கதான் எங்களுக்காகப் பேசணும்."

"யாருகிட்ட?"

"அப்பாகிட்ட. ரோம்மெல் வீட்டுல பொண்ணு கேட்டு வர்றாங்க. அவங்க புலாக்கான்காரங்க. அவங்க அம்மாவுக்கு இலோகானோல ஒரு வார்த்த தெரியாது."

"தகாலோக்குல கேக்கட்டுமே. உங்க அப்பாவுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். ஆனா சொல்லிட்டாரு. 'இந்த ஊர்ல அத்தன வீட்டுக்கும் போயி இலோகானோல கேட்டவன் நான். என் வீட்டு வாசல்ல மட்டும் மணிலா பாஷைல கேப்பாங்களா? கேட்டா வாயத் தெறக்க மாட்டேன்'னு." அவள் விரலால் மேசையில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கையை நசுக்கினாள். "அவரு சம்மதம்னு வாயால சொல்லாம நான் போக மாட்டேன், அங்கிள். ரோம்மெல்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஒரு மனிதர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவரை அவர் மொழியில் கேட்க வேண்டும்.

(ரோம்மெலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றாலையில் மெக்கானிக். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். கதாபாத்திரமாக எனக்கு அவன்மேல் நம்பிக்கையே வரவில்லை. இப்படிக் குறையே இல்லாத ஒருவன் எந்தக் கதையில் பிழைப்பான்? ஒரு திருத்தத்தில் அவனை நீக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை இல்லாமல் பெண் கேட்பது நன்றாக இல்லை. திரும்பக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன்.)

3

ரோம்மெலின் அம்மா பெர்பெத்துவா பள்ளிக்கூடத்தில் தேசிய மொழி சொல்லிக் கொடுக்கும் டீச்சர். தேசிய மொழி என்றால் தகாலோக்தான், இஸ்திரி போட்ட தகாலோக். கையில் அரிசிப் பிட்டு அடுக்கிய பெட்டியோடு சிப்ரியானோ வீட்டு வாசலில் வந்து நின்று கீழே பார்த்தார், மேலே பார்த்தார்.

"படி எங்க?"

அவர்கள் பக்கம் பெண் கேட்கப் போவதைப் 'பமன்ஹிகன்' என்பார்கள். 'பன்ஹிக்' என்றால் படியேறுவது. அந்தக் காலத்து மூங்கில் வீடுகள் கால்மேல் நின்றன. ஏணிப்படி ஏறித்தான் பெண் கேட்க வேண்டும். சிப்ரியானோ வீடு தரையோடு தரையாக சிமெண்டில் கட்டியது.

"நாங்க எங்கருந்து ஏறுறது?" என்று டீச்சர் சிரித்தார்.

"ஏற வேணாம், வந்து சேந்தாப் போதும்" என்று மனோங் இலோகானோவில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன், ஒரே வேலைக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஏறுவதைப் பார்த்து வைத்தார், ஒருவர் வந்து சேர்வதைப் பார்த்து வைத்தார். நடக்கிற கால் ஒன்றுதான். [இது கட்டுரையில் இருந்து தப்பி வந்த பத்தி. நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.]

இனிமேல் இருவர் பேச்சையும் தமிழில்தான் கேட்கப் போகிறீர்கள். டீச்சருக்குச் செந்தமிழ் கொடுத்துப் பார்த்தேன். "ஐயன்மீர், யாம்" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்கே அந்த வீட்டில் பெண் எடுக்கப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் பேச்சுத் தமிழே போதும்.

நான் எழுந்து, தொண்டையைச் செருமி, இரண்டு வாரம் மனப்பாடம் செய்த உரையைத் தொடங்கினேன். "வீட்டுக்காரரே, நாங்கள் வழிப்—"

"நீங்க உக்காருங்க" என்றார் டீச்சர். "என் பையனுக்கு நான் கேக்குறேன். எனக்கும் வாய் இருக்கு." சிப்ரியானோ பக்கம் திரும்பினார். "ஐயா, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. என் பையன் உங்க பொண்ணக் கட்டிக்க ஆசப்படுறான். சம்மதமா?"

தகாலோக்கில். நேரடியாக. சுடச்சுட.

மனோங் முகத்தைச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இதென்ன மீன் கடையா? கூடைய முன்னால வச்சுத் 'தர்றியா இல்லியா'ன்னு கேக்குறாங்க! என் பொண்ணு என்ன அயிரை மீனா? நம்ம பாஷைல, நம்ம மொறைல கேக்கச் சொல்லு."

"டீச்சர், அவரு இலோகானோல கேட்டா சந்தோஷப்படுவாராம்."

"அவரு அவ்ளோ நீளமாச் சொன்னாரு. நீங்க இவ்ளோதான் சொல்றீங்க?"

"இலோகானோ கொஞ்சம் விரிவான மொழி."

"மொழியா? வட்டார வழக்குதானே அது?"

இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். இலோகானோக்காரர் வீட்டில் உட்கார்ந்து அவர் மொழியை வழக்கு என்று சொல்வதைவிட, அவர் வீட்டு நாயை உதைத்துவிடலாம். நாய் மறந்துவிடும்.

4

சிப்ரியானோ தகாலோக்குக்கு மாறிவிட்டார். திட்டுவது எதிராளிக்குப் புரிய வேண்டுமே!

"வழக்கா? உங்க ஆத்தங்கரைப் பேச்சுக்கு மணிலால உக்காந்து தேசிய மொழின்னு பேரு வச்சிட்டா அது கடலாயிருமா, டீச்சர்?"

"கோவப்படாதீங்க. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். எருமைய என்னன்னு சொல்லுவீங்க?"

"நுவாங்."

"நுவாங்! இருமுற மாதிரி இருக்கு. கலபாவ்னு சொல்லிப் பாருங்க, வாய் நெறைய வரும்."

"வாய் நெறைய எருமை உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க. எங்க எருமை வயல்லதான் நிக்கும்."

"வீட்ட பலாய்ங்கிறீங்க. அழகா பஹாய்னு சொல்ல வரலியா?"

"பழைய சொல்லே பலாய்தான். நடுவுல இருந்த லகரத்த ஆத்துல விட்டது உங்க முன்னோரு. நாங்க பத்திரமா வச்சிருக்கோம்."

(அடிக்குறிப்பு, அடியில் இடம் இல்லாததால் இங்கே: இதில் மனோங் சொன்னதே சரி என்றுதான் மொழிநூல் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பெண் கேட்கிற இடத்தில் சரியாக இருப்பதால் என்ன லாபம்?)

நோவலின் சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள். பொரித்த பன்றிக்கறி மொறுமொறுப்பு போய் ஆறிக்கொண்டிருந்தது. "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. ரோம்மெலைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பையன் சிரிக்காமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷத்தில்தான் அவன் என் கதைக்குள் உண்மையிலேயே வந்து உட்கார்ந்தான்.

டீச்சர் கைப்பையை எடுத்தார். "ரோம்மெல், கெளம்பலாம்."

5

நான் எழுந்து நின்றேன்.

"ரெண்டு பேரு சொல்றதும் தப்பு" என்றேன். "நுவாங், கலபாவ் ரெண்டுமே தமிழ்."

எழுந்த டீச்சர் பாதியில் நின்றார்.

"நுகத்துல பூட்டுனா நுவாங். கலப்பைல கட்டுனா கலபாவ். எங்க ஊரு எருமைங்க கப்பல்ல வந்துச்சு. வடக்க எறங்குனது நுகத்தோட எறங்குச்சு, தெக்க எறங்குனது கலப்பையோட எறங்குச்சு. அவ்ளோதான் உங்க ரெண்டு பேரு சண்டையும்."

[வாசகரே, இது பச்சைப் பொய். வேரோடும் தூரோடும் பொய். தயவுசெய்து யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும். நாளைக் காலையில் இது சாயம் பூசிய படமாக என் கைப்பேசிக்கே திரும்பி வரும், கீழே 'தமிழன்டா' என்று போட்டு.]

"எருமை கப்பல்ல வந்துச்சா?" என்றார் டீச்சர்.

"நின்னுக்கிட்டே வந்துச்சு."

சிப்ரியானோ சன்னலை விட்டுத் திரும்பினார். "அப்ப பலாய்?"

"பாளையம்."

"பஹாய்?" இது டீச்சர்.

"'வா, ஐயா!' வாசல்ல நின்னு கூப்புட்டுக் கூப்புட்டு அதுவே வீட்டுக்குப் பேராயிருச்சு."

"நைமாஸ்?" என்றார் மனோங். ருசியாக இருக்கிறது என்பதற்கு இலோகானோவில் அப்படிச் சொல்வார்கள்.

"நெய் மணம்."

"யோவ், நாங்க சமையல்ல நெய்யே ஊத்துறதில்லையே!"

"அதான் மணம் மட்டும் சொல்லுல நின்னுபோச்சு."

டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் வகுப்பறை வெளிச்சம் வந்துவிட்டது. தப்பாக விடை சொல்லும் பையனைக் கண்டால் ஆசிரியர்களுக்கு வருமே, அந்தப் பசி. "அம்மாவ நாங்க நானாய்னு கூப்புடுறோம். அது?"

"நான் ஆய்."

"மாங்காய்க்கு மங்கான்னு சொல்றோம், அதுவும் உங்களதுன்னு சொல்லுவீங்களே!"

"சத்தியமா எங்களது." (இது ஒன்று மட்டும் உண்மை. மலாய்க் கரை வழியாகக் கை மாறி வந்தது என்று அகராதிகளே சொல்கின்றன. ஆனால் பொய் மூட்டைக்கு நடுவில் உண்மை எப்படித் தெரியும்? இரண்டு பேரும் இதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.)

"மாங்காயுமா!" சிப்ரியானோ தொடையில் அடித்துக்கொண்டார். "எங்க கொல்லைல நிக்கிற மரம்யா அது!"

"எங்க புலாக்கான் மாம்பழத்துக்கு இவரு பேரு வைக்கிறாரு, பாத்தீங்களா!"

"வெறும் புகையில பாத்தவன். நாப்பது வருஷமா வாசம் புடிச்சுப் புடிச்சு மூளைக்கு ஏறிருச்சு."

"இந்த ஆளு பேச்ச நம்பாதீங்க, சம்பந்தி!"

"நான் எங்க நம்புனேன், சம்பந்தி! பக்கத்து வீடாச்சேன்னு விட்டுவச்சிருக்கேன்!"

சொன்னபிறகுதான் இருவருக்கும் கேட்டது.

தகாலோக்கில் அது 'பலாயே'. இலோகானோவில் 'அபலாயன்'. இரண்டுக்குள்ளும் ஒரு வீடு ஒளிந்திருப்பது போல என் காதுக்குப் படுகிறது; பிறப்பு நிச்சயமாகத் தெரியாது, ஆகவே வாயை மூடிக்கொள்கிறேன். பொருள் தெரியும். பெண்ணைக் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளும் சொல். இன்னும் யாரும் கொடுக்கவில்லை, யாரும் எடுக்கவில்லை.

டீச்சர் கழுத்து வரை சிவந்துபோனார். சிப்ரியானோ தன் கால் கட்டைவிரலை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

6

(ஃபெலிசா குறுக்கே வந்து, "இப்ப வேகமா எழுதுறியே, மறுபடியும் அடிச்சு விடுறியா?" என்கிறாள். "இல்ல, இது நடந்தது." "நானும்தான் அங்க இருந்தேன். சமையலறைல நின்னு நான் அழுததப் போட்டியா?" போடவில்லை. இப்போது போட்டாயிற்று.)

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "இத உங்க மொழில எப்படிக் கேப்பாங்க?"

இதற்காகத்தானே வந்தேன் என்று எழுந்தேன். "வீட்டுக்காரரே, நாங்கள் வழி—"

"நீ உக்காரு" என்றார்கள் இருவரும், இரண்டு மொழியிலும்.

உட்கார்ந்தேன். வேறு யார் சொல்லித் தருவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பேச ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அவருக்கும் அது தெரியும். பிறகு சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எத்தனையோ வீடுகளில் நான் கேட்ட அந்தக் குரல் வந்தது.

"நான் சொல்லச் சொல்ல சொல்லுங்க. 'வீட்டுக்காரரே, நாங்க வழிப்போக்கருங்க. மழைக்கு ஒதுங்க வந்தோம்.'"

டீச்சர் சொன்னார். நாக்கு ஒவ்வொரு சொல்லிலும் இடறியது. மனோங் சிரிக்கவில்லை.

"'ஒதுங்க'ன்னு அவ்ளோ அழுத்தாதீங்க. ஒதுங்குறவங்க அழுத்த மாட்டாங்க."

மறுபடி சொன்னார். அழுத்தாமல்.

"'வந்த எடத்துல உங்க முத்தத்துல ஒரு சம்பாகா பூத்திருக்கறதப் பாத்தோம்.'"

சம்பாகா என்றால் இங்கே மல்லிகை. நம் சண்பகம்தான் கடல் தாண்டும்போது பூவை மாற்றிக்கொண்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டது என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மையான செய்தி, சாட்சியோடு. என் நாக்கு நுனியில் நின்றது. நோவலின் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"'எங்க வாசல்ல அதுக்கு ஒரு குழி வெட்டி, உரம் போட்டு வச்சிருக்கோம்.'"

டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மொழியில், "நெசமாவே மாடில ஒரு ரூமு கட்டுறேன். சன்னல் இன்னும் வைக்கல. அவளக் கேட்டு வைக்கலாம்னு" என்றார்.

மனோங் தலையை ஆட்டினார். அடுத்த வரி வர நேரமானது. அந்த வரியை அவர் ஊரில் எத்தனை அப்பன்மார் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்! ஒரு தடவையும் குரல் இறங்கியதில்லை.

"'வேருல மண்ணோட குடுங்க. நாங்க வாட விட மாட்டோம்.'"

டீச்சர் அதைத் தடுமாறாமல் சொன்னார்.

கேட்டாயிற்று. அவர் மொழியில், அவர் முறையில். கேட்டவர் பாதி அவரே.

7

இப்போது பதில். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இந்தப் பகுதியை எழுதிக் கிழித்த தாளில் பாத்தாக் ஊருக்கே ஒரு வருஷம் எம்பனாடா பலகாரம் மடித்துக் கொடுக்கலாம்.

எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் முதல் பதிலாக மறுக்க வேண்டும். 'செடி சின்னது, இன்னும் வேர் பிடிக்கவில்லை.' கேட்டவுடன் சரி என்றால் பெண்ணைத் தள்ளிவிடக் காத்திருந்தது போல ஆகும், அவளுக்கு அவமானம். மறுத்த பிறகு மறுபடி கேட்பார்கள், மறுபடி மறுப்பு, கொஞ்சம் கரும்பு மது, பிறகு சம்மதம். இது சிப்ரியானோவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சன்னல் கோழிக்கும் தெரியும். டீச்சருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மறுத்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வார். கைப்பை இன்னும் மடியில்தான் இருக்கிறது.

ஒரு முடிவு: மனோங் முறைப்படி மறுக்கிறார். டீச்சர் எழுந்து போகிறார். நோவலின் தூறலில் வண்டியின் பின்னால் ஓடி— [இல்லை. இதை எழுதிய அன்று எனக்குக் காய்ச்சல்.]

இன்னொரு முடிவு: முறையை உடைத்துச் சட்டென்று சம்மதம் என்கிறார். பெண் கேட்பதில் ஊருக்கே வாத்தியார் முறை தெரியாமல் போனார் என்று சந்தை முழுக்கப் பேச்சு. அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்னும் ஒன்று: 'செடி சின்னது' என்று அவர் சொன்னதும் டீச்சர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஆற்றங்கரையிலும் அப்படித்தானாம், தன் பெண்ணைக் கேட்டு வந்தபோது அவரும் இதையேதான் சொன்னாராம். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்ததை எல்லாம் நானே கட்டியிருப்பேனோ என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள், நியாயம்தான்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அங்கே என்னை உட்கார் என்றவர்கள் இரண்டு பேர். அவர்கள் பேச்சை மீறக் கூடாது.

ஆகவே நீங்கள் வாருங்கள். என் நாற்காலிக்கு வேண்டாம், சிப்ரியானோ நாற்காலியில் உட்காருங்கள். மூங்கில் நாற்காலி, இடது கால் கொஞ்சம் ஆடும். எதிரே ஒரு அம்மாள், இன்றுதான் கற்ற நான்கு வரியைச் சொல்லி முடித்துவிட்டு, மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று உங்கள் உதட்டையே பார்க்கிறார். ஓரத்தில் ஒரு பையன் மூச்சுவிட மறந்திருக்கிறான். சுவரோரம் உங்கள் மகள். உங்களுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பி, மீசை வரை வந்து, அனுமதிக்காக நிற்கிறது. முறை ஒன்று தெரியும், மனசு ஒன்று சொல்கிறது, மொழிகள் இரண்டு கையில் இருக்கின்றன.

தூறல் விட்டுவிட்டது. நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள்.

சொல்லுங்கள்.